ஊட்டிக் குளிரில் பைக்

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாக இருந்தால் அது உறைபனி. அன்று ஒன்பது மணிக்கு முன்னால் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது. வெயில் பட்ட ரோடு சீக்கிரம் காய்ந்துவிடும். மரநிழல் விழும் வளைவுகள்தான் ஆபத்து. அங்கே வண்டியைச் சாய்க்காதீர்கள், முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, நிமிர்ந்தபடி மெல்லத் திரும்புங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கை (குளிரில் எஞ்சின் கிளம்ப பெட்ரோல் கலவையைக் கூட்டும் விசை) முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். முறுக்கினால் சோக்கின் பலனே போய்விடும். ஒரு நிமிடத்தில் சோக்கைப் பாதி உள்ளே தள்ளலாம். எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள) வண்டியில் சாவி போட்டதும் எரிபொருள் பம்ப்பின் ரீங்காரம் நிற்கும்வரை பொறுங்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மலையேறும் முன்பே சார்ஜ் போட்டுவிடுங்கள். குளிரில் அதன் வலு இன்னும் குறையும்.

வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயரில் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும். அதனால் காலையில், ஓட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

கம்பளிக் கையுறை மட்டும் போதாது, காற்று உள்ளே புகும். அதன்மேல் மழைக்கையுறை போடுங்கள். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். ஹெல்மெட் வைசரின் உட்புறம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தால் மூச்சுப்பனி படியாது. ஸ்வெட்டருக்குள் செய்தித்தாள் செருகுவது பழைய வித்தைதான், ஆனால் நெஞ்சில் காற்று அடிக்காது.