லஸ் பூங்காக் குறிப்புகள்: கோரை, குட்டை, ஒரு மனு

28 செப்டம்பர் 2024, சனி

சென்னை மயிலாப்பூரில், லஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு மனு சுற்றுக்கு வந்திருக்கிறது. மண்ணாகவே விட்டிருக்கும் இடங்களிலும் தளக்கல் பதிக்க வேண்டுமாம். மழைக்காலத்தில் செருப்பு வழுக்குகிறது, வேட்டியில் சேறு தெறிக்கிறது என்று இரண்டு காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் அடுத்த தெரு மாமா. வங்கியில் வாராக்கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், கையெழுத்து வாங்காமல் யாரையும் இரண்டாவது சுற்று நடக்க விடுவதில்லை. "படித்துவிட்டுத் தருகிறேன் மாமா" என்று நழுவினேன்.

தோட்டக்கார அக்கா புல்தரையின் ஓரத்தில் களைக்கொத்தோடு குந்தியிருந்தார். கோரை எடுக்கிறார். "கையால் பிடுங்கினால் இலைதான் வரும் அம்மா. கிழங்கு உள்ளேயே இருக்கும். ஒன்றை விட்டுவைத்தாலும் போதும், திரும்பக் கூட்டமாக வந்துவிடும்" என்றார். அருகம்புல்லையும் கோரையையும் எட்ட இருந்து பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. தண்டை உருட்டிப் பார்க்கச் சொன்னார். கோரையின் தண்டுக்கு மூன்று பட்டை. ஈரம் கண்ட இடத்தில் செழிக்கும் செடி இது.

5 அக்டோபர், சனி

கோரைக்கு இங்கே பாத்தியதை உண்டு. பூங்கா வருவதற்கு முன் இந்த இடம் சதுப்பும் குட்டையுமாகக் கிடந்தது. அதைத் தூர்த்துத்தான் பூங்கா அமைத்தார்கள். அதற்கும் முன்னால் போனால் காடு. பக்கத்திலிருக்கும் லஸ் தேவாலயத்தின் கல்வெட்டில் 1516 என்று ஆண்டு இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் காட்டுக்கோயில். மரமே அதிகம் இல்லாத இன்றைய லஸ் முனையில், மெட்ரோ பணிக்கான தகரத் தடுப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

நீர்நிலையைத் தூர்ப்பது சென்னைக்குப் பழகிப்போன வேலை. நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் குட்டை சின்னக் கணக்குதான். இங்கே வீடு கட்டாமல் மரம் வைத்தார்களே, அந்த மட்டில் புண்ணியம்.

இப்போது மாநகராட்சி நகரின் பல பூங்காக்களில் குளம் வெட்டுகிறது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளவாம். 'ஸ்பாஞ்ச் பூங்கா' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். குட்டையைத் தூர்த்துப் பூங்கா, பிறகு பூங்காவைத் தோண்டிக் குட்டை. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. இரண்டு தலைமுறைக் கூலி மிச்சமாகியிருக்கலாம் என்றுதான் சொல்ல வருகிறேன்.

15 அக்டோபர், செவ்வாய்

விடுமுறை, மழை, சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரியில் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்களாம். பூங்காவுக்குப் போகவில்லை.

17 அக்டோபர், வியாழன்

மிரட்டிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதிகாலையில் கரையைக் கடந்தது, பயந்த அளவுக்கு மழை இல்லை. காலையில் பூங்காவைப் பார்க்கப் போனேன். தளக்கல் பதித்த பாதையின் தாழ்வான முனையில் தண்ணீர் நின்றது. இரண்டடி தள்ளி, மரத்தடி மண்ணில் சேறு இருந்தது, ஆனால் தண்ணீர் இல்லை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது சரிவு சரியில்லாததால்" என்றார். சரிவும் ஒரு காரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் சரிவை எவ்வளவு சரிசெய்தாலும் கல்லில் விழுந்த நீர் வேறு எங்கோதான் ஓட வேண்டும். ஓடுகிற இடம் லஸ் சர்ச் சாலை, அங்கே ஏற்கெனவே முழங்கால் நனைகிறது.

1 நவம்பர், வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள். மதிலை ஒட்டி வெடித்த சரங்களின் காகிதம் முழுக்க உள்ளே பறந்து வந்திருக்கிறது. ஈரப் புல்லில் ஒட்டிக்கொண்ட சிவப்புத் தாளைத் துடைப்பம் தள்ளாது, கையால்தான் பொறுக்க வேண்டும். அக்காவும் இன்னும் இரண்டு பேரும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதை இலைச் சருகோடு சேர்த்து உரக்குழியில் போடக் கூடாது, தனிச் சாக்கு. நடக்க வந்தவர்கள் "சே, எவ்வளவு குப்பை" என்று சொல்லிக்கொண்டே சுற்றினார்கள். நானும் சுற்றினேன்.

3 நவம்பர், ஞாயிறு

முதல் ஞாயிறு, ஒலிபெருக்கி இல்லாக் கச்சேரி. மரத்தடியில் சிறுவர்கள் பாடுகிறார்கள், கேட்பவர் கிட்டப் போய் உட்கார வேண்டும். எனக்கு இதில் பிடித்தது சங்கீதத்தைவிட அந்தக் கிட்டத்துக்கு வருவதுதான். நாயோடு நடக்க வந்தவரும் கைப்பேசியை அணைத்துவிட்டு நின்றார். வயலின் பையன் சுருதி சேர்ப்பதற்குள் ஒரு காக்கை அவனைவிடச் சரியான இடத்தில் கரைந்தது. பாட்டு நன்றாகவே இருந்தது, தோடி மட்டும் கொஞ்சம் அவசரம்.

16 நவம்பர், சனி

இன்றைய தேதிக்கும் இந்தப் பூங்காவின் பெயருக்கும் தொடர்பு உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் (1867-1938) அமிர்தாஞ்சனத்தின் நிறுவனர். 1893இல் பம்பாயில் தொடங்கிய தலைவலித் தைலம் அது. அதில் வந்த பணத்தைப் பத்திரிகையிலும் பதிப்பிலும் போட்டார். ஆந்திர பத்திரிகாவை 1908இல் பம்பாயில் வார இதழாகத் தொடங்கி, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். லஸ்ஸில் அவருடைய ஸ்ரீபாக் வீட்டில்தான் 1937 நவம்பர் 16இல் கடற்கரை ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் கூடி ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தனி ஆந்திர மாநிலம் அமைந்தால் பல்கலைக்கழகம் எங்கே, தலைநகரும் உயர் நீதிமன்றமும் எந்தப் பகுதிக்கு, பாசன நீரில் யாருக்கு முன்னுரிமை என்று பேசினார்கள். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்னூலுக்குத் தலைநகரும் குண்டூருக்கு உயர் நீதிமன்றமும் போனதற்கு அடி இந்தப் பேச்சில் இருக்கிறது.

நடைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அமிர்தாஞ்சனம் அவருடையதா!" என்பதோடு வியப்பு முடிந்தது. மற்றதெல்லாம் ஆந்திராக்காரர் விஷயமாம். அந்த ஆந்திரத்து கிருஷ்ணா நீரைத்தான் சென்னை குடிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், மாமா மனுவை நீட்டிவிட்டார்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நேற்று சென்னையில் விமான நிலையத்தையே மூடியிருந்தார்கள். காற்றடித்தாலே இந்தப் பேட்டைக்கு 2016 டிசம்பர் 12 நினைவுக்கு வரும். அன்றைய வர்தா புயலில் நகரம் இழந்த மரங்கள் ஆயிரக்கணக்கில். குல்மோஹரும் இயல்வாகையும் வேரோடு சாய்ந்த தெருக்களில் வேம்பும் புங்கமும் பல இடங்களில் தப்பின. அடிமரம் வரை சிமென்ட் போட்டு இறுக்கினால் வேர் எங்கே பரவும்?

7 டிசம்பர், சனி

கோரை மறுபடி தலைகாட்டிவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, "மழை நிற்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மாமாவின் மனுவில் கடைசியில் கையெழுத்துப் போட்டேன். முதியவர் வழுக்கி விழக் கூடாது என்பது நியாயம். ஆனால் என் பெயருக்குக் கீழே, "கல் வேண்டாம். பாதையில் சரளையும் மணலும் கொட்டிச் சரிவைச் சரிசெய்தால் போதும். மரத்தடி மண்ணில் கை வைக்காதீர்கள்" என்று நான்கு வரி சேர்த்தேன். எனக்குப் பின் கையெழுத்திட்ட மூன்று பேர் 'மேற்படி' என்று எழுதிவிட்டார்கள். மாமாவுக்குக் கோபம். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதப்போகிறாராம்.