முதலில் பிரிண்டரைக் கேளுங்கள்

புது ரவுட்டர் வைத்ததும் போன், லேப்டாப், டிவி எல்லாம் சேர்ந்துகொண்டன. வைஃபை பிரிண்டர் மட்டும் சேரவில்லை. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அதன் நீல விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் லேப்டாப்பில் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி போடுவார்கள். நான் அதில் கை வைக்கவே மாட்டேன். ரவுட்டரோடு சேர்வது பிரிண்டரின் வேலை, அதில் லேப்டாப் டிரைவருக்குப் பங்கில்லை. பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் ரிப்போர்ட் என்று ஒரு பக்கம் அச்செடுக்கலாம். அதில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டருக்கு இருக்கும் எண்ணைப் பாருங்கள். 0.0.0.0 என்றோ 169.254 என்று தொடங்கியோ இருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. ரவுட்டர் கொடுக்கும் வரிசையில், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கினால், பிரிண்டர் சேர்ந்துவிட்டது. கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எங்களுடையதில் 0.0.0.0. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே தெரிந்த பிரிண்டர். ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டிக்கொண்டிருந்தது. 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்தேன். பிரிண்டர் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தது, ஆனால் உள்ளே போக முடியவில்லை. அப்புறம் ரவுட்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் என்று இருந்தது. டபிள்யூபிஏ3 வந்ததே 2018-இல்தான். அதற்கு முன் செய்த பிரிண்டருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது, பாஸ்வேர்டு எவ்வளவு சரியாக இருந்தாலும். அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்புக்கு மாற்றியதும் விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தது. சில பழைய பிரிண்டர்கள் அந்தக் கலப்பிலும் தடுமாறும். அப்போது 2.4-க்கு மட்டும் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் (ஏஇஎஸ் என்பது குறியாக்க முறை) வைத்தால் போதும். பாதுகாப்பே இல்லாமல் திறந்து வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, பிரிண்டர் சேர்ந்தாயிற்று. ஆனாலும் லேப்டாப்பில் 'ஆஃப்லைன்' என்றே வந்தது. மறுபடி ரிப்போர்ட் எடுத்தேன், முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தது. விண்டோஸ்தான் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதிக்குப் போய், புது முகவரியோடு ஒரு டிசிபி/ஐபி போர்ட் (நெட்வொர்க் வழியாக பிரிண்டருக்கு அனுப்பும் பாதை) சேர்த்ததும் பக்கம் வந்துவிட்டது.

இதோடு விட்டால் பிரிண்டரை அணைத்துப் போடும் ஏதோ ஒரு நாளில் முகவரி திரும்பவும் மாறலாம். அதனால் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) அதே ஐபியை ரிசர்வ் செய்துவிட்டேன். மேக் முகவரியும் அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கும்.

முகவரி, போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் அச்சு வராவிட்டால், லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் உள்ள கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி பொதுவாக ரவுட்டரே தடுத்து வைத்திருக்கும்.