முக்கால் மாத்திரை

ஜூலை 1
அம்மாவுக்கு இன்றிலிருந்து முக்கால். பதற்றத்துக்குப் போடும் அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை பிளேடால் நான்காக வெட்டினேன். ஒரு கால் நொறுங்கிப்போச்சு. அந்தத் தூளை அம்மா விரலில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 2
தூங்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து வாசல் கூட்டுகிறாள்.

ஜூலை 4
பழைய டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதினார். அப்பா காரியம் முடிந்த வாரம் அது. பத்து நாள் ஆறு வருஷம் ஆனது. அதே சீட்டை மருந்துக்கடையில் நீட்டி வாங்கிவந்தது நான். சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும், வயசானவர்களைத் தள்ளாடி விழவைக்கும் என்று இப்போதைய டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். அப்படியானால் போன வருஷம் பாத்ரூமில் விழுந்தது? ஈரத்தரை என்று நினைத்தோமே.

ஜூலை 5
கை நடுக்கம். காபி டம்ளரை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 9
சிம்மக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். வெளியில் ஆள் இல்லாதபடி கடைசி டோக்கன் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. தைராய்டு, சோடியம் சரியாக இருக்கிறது. காலையில் சாப்பிட்டபின் மனச்சோர்வு, பதற்றத்துக்கான எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. முதலில் வயிற்றைப் புரட்டும், குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும் என்றார். சோடியம் குறையலாமாம், இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கணும். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் தரட்டுமா என்று கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். "என்னையும் ஏர்வாடில விட்டுருவீகளா தாயி?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "படுத்ததும் என்ன நினைப்பு வருதும்மா?"

ஆறு வருஷத்தில் நாங்கள் யாரும் கேட்காதது. இருபது நிமிஷம் பேசினாள். சின்ன மாமாவை ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டது அம்மாதான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜூலை 10
ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓடமுடியாமல் செத்தார்கள். மாமா அதற்கு முந்தின வருஷமே வீடு வந்துவிட்டார். வந்துவிட்டாரே அம்மா, அப்புறமும் ஏன்?

ஜூலை 12
குமட்டல். ஒரு இட்லி.

ஜூலை 15
இன்று அரைக்கு இறங்கணும். நடுக்கம் பார்த்துவிட்டு டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் முக்காலிலேயே இருக்கட்டும் என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 17
ஆடி பிறந்தாச்சு. ராத்திரி ஒன்றரைக்கு மனநல உதவி எண் 14416-க்கு போன் போட்டேன். அம்மாவைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். பேசியதெல்லாம் என்னைப் பற்றி.

ஜூலை 22
அரை. தூள் விழவில்லை. "மிச்சத்த எங்க வச்சிருக்க?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஜூலை 23
ரத்தம் கொடுத்தோம். திரும்பும்போது வைகை மேல் ஏ.வி. பாலத்தில் ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னாள். "இந்தப் பாலத்துல நடத்தித்தான் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்கக்கா போறோம்னு ஒரு வார்த்தை கேக்கல அவன்."

சோடியம் ரிசல்ட் நாளைக்கு.