நிழலில் படிக்கும் எலும்புகள்: ஒரு ரேடியோகிராஃபி மாணவியின் நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

இன்று எலும்பு லேப். உடம்பின் 206 எலும்புகளில் 126 கை கால்களில்தான் இருக்கின்றன. மணிக்கட்டின் எட்டு கார்பல்களையும் ஒப்பிக்க எல்லோருக்கும் வந்துவிட்டது. மேடம் எலும்புப் பெட்டியை மூடிவிட்டு ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரேயை மாட்டி, "பிசிஃபார்ம் எங்கே?" என்றார். வகுப்பே கப்சிப். பெட்டியில் தனியாக உருளும் அந்தப் பட்டாணி அளவு எலும்பு, படத்தில் பக்கத்துக் கார்பலான ட்ரைக்வெட்ரல் மேலேயே விழுந்து இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. எலும்பைத் தெரிந்தால் மட்டும் போதாது. எது எதன் மேல் விழும் என்றும் தெரிய வேண்டும். எங்கள் பாடத்தின் பாதி அதுதான்.

ஜூலை 9, புதன்

முன்கை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தால் அதன் இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் அருகருகே கிடக்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவைக் குறுக்கே தாண்டிவிடும். ஏ.பி. படத்துக்கு (முன்னாலிருந்து பின்னால் கதிர் போகும் படம்) உள்ளங்கை மேலே இருக்க வேண்டும் என்பது அதனால்தான். மேசையில் வைக்கச் சொன்னால் வருகிறவர்கள் பெரும்பாலும் கையைக் கவிழ்த்துத்தான் வைக்கிறார்கள்; "உள்ளங்கை மேல பார்க்கட்டும்மா" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழங்கை லேட்டரல், அதாவது பக்கவாட்டுப் படம்தான் எனக்குப் பிடித்தது. 90 டிகிரி மடக்கி, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி எடுத்தால் கொழுப்பே துப்புக் கொடுக்கும். பின்பக்கக் கொழுப்பு வழக்கமாக மேற்கை எலும்பின் பின்னால் உள்ள ஒலிக்ரனான் குழிக்குள் ஒளிந்திருக்கும். மூட்டுக்குள் ரத்தம் கோத்தால் அது வெளியே தள்ளப்பட்டு, எலும்புக்குப் பின்னால் கறுப்பாகத் தெரியும். முறிவுக் கோடே தெரியாவிட்டாலும் பெரியவர்களிடம் ரேடியல் ஹெட்டையும் (ரேடியஸின் மேல் முனை), குழந்தைகளிடம் முழங்கைக்குச் சற்று மேலேயும் சந்தேகப்பட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

தோல். எக்ஸ்ரே படிக்கிறவர்களுக்குத் தோல் எதற்கு என்று பின் பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு. கதிர் முதலில் தொடுவதே தோலைத்தானே! தோலின் மேலடுக்கான எபிடெர்மிஸுக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதன் அடியடுக்குச் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பிரியும் செல்களுக்குத்தான் கதிரால் சேதம் அதிகம். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, கதிர்க் குழாய்களைத் தன் கைகளை வைத்தே சோதித்தார். தோல் புண்ணாகிப் புற்றாகி, கைகளையே எடுக்க வேண்டி வந்தும் 1904இல் இறந்துபோனார். இன்று ஒரு கை எக்ஸ்ரேயின் அளவு மிகக் குறைவு. தோல் சிவப்பதெல்லாம் சுமார் 2 கிரே (கதிர் அளவின் அலகு) தாண்டினால்தான். ஃப்ளூரோஸ்கோபியில் (ஓடும் எக்ஸ்ரே படம்) நெடுநேரம் ஓடும் இதய சிகிச்சைகளில் அது நடக்கலாம்.

அப்புறம், படத்தில் தோல் செய்யும் வேடிக்கை. மடிப்பு விழுந்தால் கோடாகத் தெரியும். ஈரக் கட்டும் தைல மருந்தும் நிழல் போடும். மூங்கில் பத்தை வைத்த நாட்டுக் கட்டோடு ஒரு தாத்தா வந்திருந்தார். பத்தைகளின் நிழல் எலும்பின் மேலேயே விழுந்தது. டாக்டரைக் கேட்டு, கட்டைப் பிரித்துத்தான் மறுபடி எடுத்தோம்.

ஜூலை 18, வெள்ளி

ஓ.பி. போஸ்டிங். பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றிய இளைஞர். கட்டைவிரல் அடியில் உள்ள பள்ளத்தை டாக்டர் அழுத்தியதும் துள்ளினார். கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து அந்தப் பள்ளத்தில் இருக்கும் மணிக்கட்டு எலும்பான ஸ்கேஃபாய்டுக்கான படமும் எடுத்தோம். கோடு ஒன்றுமே இல்லை. ஆனாலும் மாவுக்கட்டு போட்டு, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி வரச் சொன்னார்கள். "படத்துல ஒண்ணுமில்லையே, கட்டு எதுக்கு?" என்று அவருக்குக் கோபம். டெக்னீஷியன் அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது, நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினியில் செத்துவிடலாம்.

ஜூலை 22, செவ்வாய்

கால். கணுக்காலின் வெளிமுண்டு உள்முண்டைவிடச் சற்றுக் கீழேயும் பின்னாலும் இருக்கிறது; சாக்ஸைக் கழற்றிவிட்டு இரண்டையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்தால் தெரியும். கணுக்கால் மூட்டு இடைவெளியைக் காட்டும் மார்டிஸ் படத்துக்குக் காலை 15-20 டிகிரி உள்ளே திருப்பினால் இரண்டு முண்டும் படம் பதியும் கேசட்டிலிருந்து சமதூரத்தில் வந்துவிடும். கோணமானி வேண்டாம், விரலே போதும்.

மதியம் பன்னிரண்டு வயதுப் பையன், கால் பிசகியிருக்கிறது. சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பான ஐந்தாவது மெட்டாடார்சலின் அடியில் ஒரு கோடு. அந்த வயதில் அங்கே வளர்ச்சிக் கோடு எலும்புக்கு இணையாக நெடுக்காக ஓடும். முறிவு பெரும்பாலும் குறுக்காக இருக்கும். இவனுக்கு நெடுக்கு. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் வேலை. நான் இடது-வலது காட்டும் மார்க்கர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.