செத்துச்சா தூங்குதா: மலேரியா கிருமியோட எட்டு மாசம்

டெல்லில ஒரு லேப்ல மலேரியா ப்ராஜெக்ட்ல சேந்துட்டேன்னு சொன்னதும் அம்மா கேட்ட மொத கேள்வி, "கொசு வளக்கணுமாடா?" கொசுவே கிடையாதும்மா, மனுஷ ரத்தத்துல வச்சு வளக்கறதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல. அப்புறம் "அதுக்குக் கொசுவே தேவலாம்"னாங்க.

நானும் என்னமோ மருந்து ஊத்தி கிருமியக் கொல்ற வேலைன்னு நெனச்சுதான் ரயில் ஏறினேன். மொத அஞ்சு மாசம் அதை சாகவிடாம வச்சிருக்கறதே பெரும்பாடா போச்சு. பால்சிபாரம்ங்கற மலேரியாக் கிருமிய லேப்ல வளக்கற வேலைய, அதாவது கல்ச்சர, புதுசா ஆரம்பிக்கறவங்க யாருக்காச்சும் உதவும்னு எழுதறேன், நான் பண்ணின கூத்து எல்லாத்தையும் சேத்தே.

எனக்குக் குடுத்த ஸ்ட்ரெயின், அதாவது கிருமி ரகம், 3டி7. அதுக்கு ஒரு கதை இருக்கு. நெதர்லாந்துல ஸ்கிப்போல் ஏர்போர்ட் பக்கத்துல குடியிருந்த, வெளிநாடே போகாத ஒருத்தருக்கு மலேரியா வந்திருக்கு, விமானத்துல வந்த கொசு கடிச்சிருக்கணும். அவர் ரத்தத்துல இருந்து எடுத்தது என்எஃப்54, அதுலேந்து பிரிச்சு எடுத்தது 3டி7. 2002ல முழு ஜீனோமும் படிச்சது இதோடதுதான். என்எஃப்54ஐக் கல்ச்சருக்குப் பழக்கின 1981 பேப்பர எடுத்துப் பாத்தா மொத ஆத்தர் பொன்னுதுரை! ஊர் விட்டு ஊர் வந்து தனியா உக்காந்திருந்தவனுக்கு அந்தப் பேரப் பாத்ததுல ஒரு தனி தெம்பு.

லிக்விட் நைட்ரஜன்ல இருந்து ஒரு குட்டிக் குப்பிய எடுத்து உருக்கறதுல ஆரம்பிக்குது வேலை. கிளிசரால் கலந்து உறைய வச்சிருப்பாங்க, செல்லுக்குள்ளயும் அது இறங்கியிருக்கும், அப்படியே மீடியால (கிருமிய வளக்கற திரவம்) போட்டா தண்ணி உள்ள பாய்ஞ்சு ஆர்பிசி (சிவப்பணு) எல்லாம் வெடிச்சிரும். அதனால மொதல்ல 12% உப்புத் தண்ணி சொட்டு சொட்டா, ஆட்டிக்கிட்டே. அஞ்சு நிமிஷம் வச்சிட்டு 1.6% உப்புத் தண்ணி, அதுவும் சொட்டு சொட்டா. நான் ரெண்டாவது ஸ்டெப்ப அவசரமா ஊத்தினேன். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி எடுத்தா டியூப் முழுக்க ரோஸ்மில்க் கலர். செல்லு அத்தனையும் உடைஞ்சு போச்சு. எங்க சீனியர் ஒரு பெங்காலி அக்கா, தீதின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், எட்டிப் பாத்துட்டு "இன்னொரு வைல் எடு"ன்னு மட்டும் சொன்னாங்க.

ரெண்டாவது பிழைச்சுச்சு. அப்புறம் தினம் அதே சடங்கு. பிளட் பேங்க்ல வாங்கின ஓ பாசிட்டிவ் ரத்தத்த மூணு தடவ கழுவி, வெள்ளை அணுவ எடுத்துட்டு, சிவப்பணு மட்டும் ஃபிளாஸ்க்ல போட்டு, ஆர்பிஎம்ஐ 1640 மீடியா ஊத்தி, 37 டிகிரில. ஆக்சிஜன் 5%, கார்பன் டை ஆக்சைடு 5%, மிச்சம் நைட்ரஜன். இதுக்குக் காத்துல இருக்கற அளவு ஆக்சிஜன் ஆகாது. ஹோலி லீவுல சிலிண்டர் காலியாயிருச்சு, சப்ளையர் போன எடுக்கல, தீதி டெசிகேட்டர்ங்கற காத்துப் புகாத ஜாடிக்குள்ள ஃபிளாஸ்க் மூடியத் தளர்த்தி வச்சு ஒரு மெழுகுவர்த்திய ஏத்தி மூடினாங்க. அது ஆக்சிஜனத் தின்னுட்டு தானா அணையும்போது வால்வ அடைச்சிரணும், அவ்ளோதான். 1976ல நியூயார்க்ல ராக்ஃபெல்லர்ல டிரேகரும் ஜென்சனும் இந்த மெழுகுவர்த்தி ஜாரக் காமிச்ச பிறகுதான் உலகம் பூரா பால்சிபாரத்த லேப்ல வளக்க ஆரம்பிச்சது. மூணு நாள் அப்படியே ஓட்டினோம், ஒண்ணும் ஆகல.

நான் சொதப்பின பெரிய இடம் ஹைப்போசாந்தின்ங்கற ஒரு பியூரின். பாராசைட்டால, அதாவது இந்தக் கிருமியால, டிஎன்ஏ கட்டத் தேவையான பியூரின சொந்தமா செய்ய முடியாது, வெளில இருந்துதான் எடுக்கணும், அதனால மீடியால அதைத் தனியா சேக்கணும். ஒரு பேட்ச் மீடியால மறந்துட்டேன். கொடுமை என்னன்னா உடனே ஒண்ணும் தெரியாது. மொத சுத்துல ஆர்பிசிக்குள்ள இருந்த இருப்ப வச்சு ஓட்டிருச்சு போல, அடுத்தடுத்த சுத்துல பெருகவே இல்ல, எல்லாம் சவலப் புள்ள மாதிரி சுருங்கிக் கெடந்துச்சு. நான் இன்குபேட்டர் டெம்பரேச்சர், ரத்தம் பழசா, சீல் லூசான்னு எல்லாத்தையும் நோண்டிட்டு பத்து நாள் கழிச்சு நோட்டப் புரட்டினா அந்த வரில மட்டும் டிக் இல்ல.

பாராசைட்டுக்குத் தின்ன ஹீமோகுளோபின் இருக்கேன்னு கேக்கலாம். இருக்கு, அதைத்தான் தின்னுது, அறுபதுலேந்து எண்பது சதவீதம் வரைக்கும் தின்னு தீத்துரும். ஆனா நம்ம பெரியவங்க ஹீமோகுளோபின்ல ஐசோலூசின்ங்கற அமினோ அமிலம் ஒரு துளி கூட இல்ல, அதையும் வெளில இருந்துதான் வாங்கணும். நல்லவேளை அது ஆர்பிஎம்ஐ பொடிலயே இருக்கு, இல்லன்னா அதையும் மறந்திருப்பேன்.

இப்ப ஸ்மியர் விஷயம். ஸ்லைடுல ஒரு சொட்ட இழுத்து, மெத்தனால்ல முக்கி, ஜீம்சாங்கற சாயம் போட்டு, ஆயிரம் ஆர்பிசி எண்ணணும். புதுசா நுழைஞ்சது மோதிரம் மாதிரி, ரிங். ஒரு நாள் கழிச்சு தடிச்சு நடுவுல பழுப்புப் புள்ளியோட ட்ரோஃபோசாயிட். 48 மணி நேரம் ஆகறப்ப சைஸான்ட், வெடிச்சா பதினாறுலேந்து முப்பது வரைக்கும் குட்டிங்க வெளில வந்து அடுத்த ஆர்பிசிக்குள்ள ஒரு நிமிஷத்துக்குள்ள பூந்துரும். படத்துல பாக்க சுலபம். நான் மூணாவது வாரம் "3% ரிங்"னு பெருமையா மீட்டிங்ல சொன்னேன், தீதி வந்து ஃபோகஸ மேல கீழ ஆட்டினாங்க, என் ரிங்ல பாதி ஆர்பிசிக்கு மேல மிதக்குது. ஜீம்சாவ வடிகட்டாம போட்டதால வந்த சாய அழுக்கு! அத எண்ணியிருக்கேன்.

அழுக்கு போனதுக்கு அப்புறம் அடுத்த குழப்பம், செத்ததா உயிரோட இருக்கான்னு. செத்தது ஒரு கருப்புப் பொட்டு மாதிரி சுருங்கிக் கெடக்கும், பிக்னாட்டிக்னு சொல்லுவோம். ஆனா ஜீம்சா போட்ட ஸ்லைடுல உயிரோட இருந்ததும் செத்ததுதான், மெத்தனால்ல முக்கின நிமிஷமே எல்லாம் காலி. நாம பாக்கறது போட்டோவ மட்டுமே. இதை தீதிகிட்ட புலம்பினப்ப அவங்க சாயமே இல்லாம கல்ச்சர்ல ஒரு சொட்ட எடுத்து கவர்ஸ்லிப் போட்டு 100எக்ஸ்ல வச்சு "பாரு"ன்னாங்க.

ட்ரோஃபோசாயிட் வயித்துல, அதாவது ஃபுட் வேக்குவோல்ல, பழுப்புத் துணுக்குங்க கிடுகிடுன்னு சுத்திக்கிட்டு இருக்கு. கொதிக்கற உலையில அரிசி துள்ற மாதிரி. ஹீமோஸோயின். ஹீமோகுளோபினத் தின்னா புரதம் போக ஹீம் மிஞ்சும், அந்த ஹீம் பாராசைட்டுக்கே விஷம், சவ்வெல்லாம் கிழிச்சிரும். வெளிலயும் தள்ள முடியாம அதைப் படிகமா இறுக்கி வயித்துக்குள்ளயே அடுக்கி வச்சுக்குது. அந்தப் படிகந்தான் ஆடுது. பாராசைட் செத்தா ஆட்டம் நின்னுரும். அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் ஸ்கோப்ப விட்டு எழுந்திரிக்கல, மெஸ்ல சாப்பாடு முடிஞ்சே போச்சு.

மறுநாள் அதே ஃபிளாஸ்க்ல கொஞ்சம் பிரிச்சு குளோரோகுயின் போட்டேன். 3டி7க்கு பத்து இருபது நானோமோலாரே (மருந்தோட செறிவு அளவு) பாதிய அமுக்கிரும், நான் நூறு போட்டேன். அந்த மருந்து அமிலமா இருக்கற இடத்துல போய்ச் சேரும், வேக்குவோல் நல்ல அமிலம், அங்க போய் ஹீமப் புடிச்சுக்கிட்டு படிகமாக விடாது. அதாவது மருந்து தனியா விஷம் வைக்கல, அதோட சாக்கடைய அடைச்சு விடுது. அடுத்த நாள் சாயங்காலம் பாத்தா வரிசையா எல்லாத்துலயும் துணுக்கு அசையாம கெடக்கு. டிடி2ன்னு இந்த மருந்துக்கு அசராத ஒரு ரெசிஸ்டன்ட் ஸ்ட்ரெயின் பக்கத்து ஃபிளாஸ்க்ல, அதே நூறு, அதுல பாதிக்கு மேல ஜோரா ஆடிட்டு இருந்துச்சு. பிஎஃப்சிஆர்டிங்கற ஒரு புரதத்துல 76வது இடத்துல லைசினுக்கு பதிலா த்ரியோனின், கூட இன்னும் சில மாத்தம், அதனால மருந்த வேக்குவோல விட்டு வெளில தள்ளிருது. புத்தகத்துல நாலு தடவ படிச்சது, கண்ணால பாத்தப்பதான் ஏறுச்சு.

சார்பிட்டால்ங்கற சர்க்கரை மாதிரிப் பொருள் பத்தியும் சொல்லிரணும், ஏன்னா வயசு ஒத்துப்போகாத கல்ச்சர்ல எந்த டெஸ்ட்டும் நம்ப முடியாது. 5% சார்பிட்டால்ல பத்து நிமிஷம் வச்சா வளந்ததெல்லாம் வெடிச்சு ரிங் மட்டும் மிஞ்சும். பெருசானது ஆர்பிசி தோலுல தீனிக்காக புது ஓட்டை போட்டு வச்சிருக்கும், அது வழியா சார்பிட்டால் நுழையும், பின்னாடியே தண்ணி. ரிங் இன்னும் ஓட்டை போடல, தப்பிச்சிருது.

இதெல்லாம் கைக்கு வந்ததுக்கு அப்புறம் எனக்குக் கொஞ்சம் திமிரு வந்துச்சு, செத்தது எது உயிரோட இருக்கறது எதுன்னு பாத்தாலே சொல்லிருவேன்னு. அப்பதான் ஆர்ட்டெமிசினின் வேலை வந்துச்சு. சீனால டூ யூயூ 1970கள்ல ஒரு மூலிகைச் செடில இருந்து எடுத்து, 2015ல நோபல் வாங்கின மருந்து. ஹீம்ல இருக்கற இரும்பு பட்டதும் உள்ள இருக்கற பெராக்சைடு உடைஞ்சு கண்ட புரதத்தையும் நாசம் பண்ணும், அதாவது தின்ன தீனியே திரி கொளுத்துது. நான் போட்டது அதோட டைஹைட்ரோ வடிவம், புது ரிங்குக்கு 700 நானோமோலார், ஆறு மணி நேரம், கழுவிட்டு விட்டாச்சு. ரெண்டு ஃபிளாஸ்க். மூணாவது நாள் ஸ்மியர்ல ரெண்டுலயும் கருப்புப் பொட்டுங்க மட்டும். நாலாவது நாளும் அதே. ரிங்குல ஆட்டம் பாக்கவும் வழியில்ல, படிகமே இன்னும் சேந்திருக்காது. நான் ஒரு ஃபிளாஸ்க்ல பிளீச் ஊத்தி முடிச்சிட்டேன், ரெண்டாவதுக்குக் கை போறப்ப தீதி உள்ள வந்தாங்க.

"அது செத்துருச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

"ஸ்லைடு தீதி."

"மீடியா மாத்தி வை."

வச்சேன். தினமும் மீடியா மாத்தினேன், வாரம் ஒரு தடவ புது ஆர்பிசி போட்டேன், ஒண்ணுமே இல்லாத ரத்தத்துக்கு தண்டச்சோறு போடறோம்னு முணுமுணுத்துக்கிட்டு. ஒன்பதாவது நாள் எண்ணூறு செல்லு எண்ணினதுக்கு அப்புறம் ஒரு ரிங். சுத்தமான, மெல்லிசான ரிங். ஃபோகஸ மேல கீழ ஆட்டிப் பாத்தேன், மிதக்கல, உள்ளதான் இருக்கு. மருந்த உணர்ந்ததும் சுருண்டு படுத்து, சாப்பாட்ட நிறுத்தி, மருந்து போனதும் எழுந்து வந்திருக்கு. இதுக்கு ரெசிஸ்டன்ஸ் மியூட்டேஷன்கூட தேவையில்ல, 3டி7 இந்த மருந்துக்குப் பணியற சாது ஸ்ட்ரெயின். இந்த மருந்த தனியா குடுக்காம, ரத்தத்துல நாள்கணக்கா தங்கற இன்னொரு மருந்தோட சேத்து குடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பன்னெண்டாவது நாள் 1% தொட்டுச்சு. தீதி நோட்ட வாங்கி ரெண்டு ஃபிளாஸ்க்குக்கும் நான் நாலாவது நாள் எழுதியிருந்த "டெட்"ங்கறத அடிச்சாங்க. ஒண்ணுக்கு நேரா "9ம் நாள்"னு எழுதினாங்க. இன்னொண்ணுக்கு நேரா எழுத ஒண்ணும் இல்ல, அதைத்தான் நான் பிளீச்ல கொட்டிட்டேனே.