கிரீன் கார்டு பெற்றோருக்கு மெடிகேர்: கவுண்டரில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

அமெரிக்காவுக்குப் பெற்றோரைக் கிரீன் கார்டில் கூட்டி வந்த எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள்: "இங்க ஒரு நாள்கூட வேலை செய்யாதவங்களுக்கு மெடிகேர் கிடைக்குமா?" கிடைக்கும். 65 வயது தாண்டியவர்களுக்கான இந்த அரசு மருத்துவக் காப்பீடு எங்கள் அப்பா அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைக்கவே கிடைக்காது என்று எனக்கு அடித்துச் சொன்னவர்களில் மெடிகேருக்குப் பதிவு செய்யும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவரும் ஒருவர். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். 65 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய 5 ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். எல்லாரும் பேசும் அந்த 40 கிரெடிட், அதாவது ஏறத்தாழ 10 ஆண்டு உழைப்பு, ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசமா இல்லையா என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. கிரெடிட்டே இல்லாதவர் 2026 கணக்குப்படி பார்ட் ஏ-க்கு மாதம் 565 டாலர் கட்ட வேண்டும். 30 முதல் 39 கிரெடிட் வரை இருந்தால் 311. டாக்டர் செலவுக்கான பார்ட் பி 202.90, வருமானம் அதிகம் என்றால் அது இன்னும் ஏறும். அப்பா ஊரில் 35 வருஷம் வேலை பார்த்தவர். அதில் ஒரு மாதம்கூட இங்கே செல்லாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமே இல்லை. பிள்ளைகள் கட்டிய வரியும் பெற்றோர் கணக்கில் ஏறாது.

அந்த 5 ஆண்டுகள் வரை மார்க்கெட்பிளேஸ் (அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தை) திட்டத்தில் ஓட்டினோம். அதில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை.

5 ஆண்டு முடிந்ததும் முன்பதிவு செய்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் கணினியைத் தட்டினார், அப்பா பெயரில் சம்பளக் கணக்கு இல்லை என்று பார்த்தார், "40 கிரெடிட் இல்லை, தகுதி இல்லை" என்றார். பார்ட் ஏ-யைக் காசு கொடுத்து வாங்க வந்திருக்கிறோம் என்றேன். அப்படி ஒரு வழியே கிடையாது என்றார். பார்ட் பி மட்டுமாவது? ஏ இல்லாமல் பி தர முடியாதாம். உண்மையில் விஷயம் தலைகீழ்: பி-யைத் தனியாக வாங்கலாம், ஏ-யைக் காசு கொடுத்து வாங்குபவருக்குத்தான் பி கட்டாயம். வாதாடிப் பார்த்தேன். அடுத்தவர் காத்திருக்கிறார் என்று எழுப்பிவிட்டார். மறுப்பை எழுத்தில் கேட்டேன், அதுவும் தரவில்லை. கார் வரைக்கும் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு, "விடும்மா, கஷ்டப்படாத, ஊருக்கே போயிடறோம்" என்றார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

இங்கேயே ஒரு எச்சரிக்கை: வாய்மொழி மறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிடாதீர்கள். தகுதி வந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்னால் தொடங்கி, மூன்று மாதம் பின்னால் முடியும் ஏழு மாதச் சன்னல்தான் நீங்கள் சேர்வதற்கான காலம். 5 ஆண்டு முடிந்த பிறகு போகிறவர்களுக்கு மிச்சம் அந்தக் கடைசி மூன்று மாதமும் கொஞ்சமும்தான். அதை விட்டால் அடுத்த ஜனவரி-மார்ச் பதிவுக் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பார்ட் பி-யில் முழு 12 மாதத் தாமதம் ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் அபராதம், அதுவும் ஆயுளுக்கும். "அலுவலகத்தில் இல்லைன்னு சொன்னாங்க" என்று பிறகு புலம்பினால், சொன்னதற்கு அத்தாட்சி எங்கே என்பார்கள். தேதி, நேரம், கவுண்டர் எண், என்ன பேசினார்கள் எல்லாவற்றையும் வெளியே வந்ததும் எழுதி வையுங்கள். நான் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து எழுதினேன். பின்னால் கைகொடுத்தது.

அடுத்த முறை போகும்போது விதியையே அச்சடித்து எடுத்துப் போனேன். மத்திய அரசு விதித் தொகுப்பில் 42 சி.எஃப்.ஆர். 407.10 என்ற பிரிவு. பார்ட் பி யாருக்கு என்பது அதில் இருக்கிறது, 5 ஆண்டு வசித்த கிரீன் கார்டுக்காரரைப் பற்றிய வரியும் இருக்கிறது. மஞ்சள் மார்க்கர் போட்டு வைத்திருந்தேன். போனதும் சூப்பர்வைசரைக் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, தாளை மட்டும் நீட்டினேன். அவர் படித்தார், உள்ளே போனார், திரும்பி வந்து "சரி, விண்ணப்பம் எடுத்துக்கொள்கிறோம்" என்றார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. பரவாயில்லை.

அப்புறம் ஆதாரப் படலம். 5 ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். இதில்தான் நம்மவர்கள் மாட்டுவார்கள். பெற்றோர் இருப்பது பிள்ளை வீட்டில். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் என் பெயரில் அல்லது வீட்டுக்காரர் பெயரில். அப்பா பெயரில் ஒரு போன் பில் கிடையாது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியவை: இருவரையும் சார்ந்திருப்போராகக் காட்டிய எங்கள் வரிக் கணக்குகள், மாநில அடையாள அட்டை, அம்மாவின் சர்க்கரை டாக்டர் கொடுத்த வருகைப் பட்டியல், முதல் வருஷம் சும்மா திறந்து வைத்த ஒரு சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டுகள். பெற்றோரை இப்போதுதான் கூட்டி வந்தவர்கள் இதைப் படித்தால், இந்த வாரமே அவர்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து மாதம் ஒரு பரிவர்த்தனையாவது நடக்கவிடுங்கள்.

நடுவில் ஊருக்குப் போய் வந்த பயணங்களுக்கும் கணக்குக் கேட்டார்கள். சின்னப் பயணங்களால் தொடர்ச்சி அறுந்துவிடாது. மாதக்கணக்கில் தங்கியிருந்தால் கேள்வி வரும். எங்கள் பயணங்கள் குறுகியவைதான், ஆனால் அதைக் காட்டும் முத்திரைகள் இருந்தது அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில். அந்தப் பழைய பாஸ்போர்ட், ஒரு நிலப் பத்திர வேலைக்காக அண்ணன் வாங்கிக்கொண்டு போனது, ஊரில் பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது! வாட்ஸாப்பில் வந்த படத்தைக் காட்டினேன், அசல் வேண்டும் என்றார்கள். கூரியரில் வரவழைத்தோம். ரத்து முத்திரை குத்தியிருக்கிறதே என்று பழைய பாஸ்போர்ட்டை யாரும் ஓரம்கட்டாதீர்கள்.

இன்னொரு இடறல், தேதி. குடியேற்ற விசாவில் வந்து இறங்கியவர்கள் 5 ஆண்டை எண்ண வேண்டியது கிரீன் கார்டின் முன்பக்கம் "ரெசிடென்ட் சின்ஸ்" என்று அச்சாகியிருக்கும் நாளிலிருந்து. விசா குத்திய நாள் அதைவிட முந்தையதாக இருக்கும். அதை வைத்து எண்ணிக்கொண்டு சீக்கிரமே போய் நின்றால் ஒரு நாள் வீண்.

நேர்காணலில் அப்பாவிடம்தான் கேள்வி கேட்பேன், நீங்கள் பதில் சொல்லக் கூடாது என்றார் அலுவலர். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம். அது இலவசம், நம் உரிமை. வீட்டு மனிதர்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போனில் ஒரு தமிழ்க் குரல் வந்தது. "தாங்கள் இந்நாட்டில் தொடர்ச்சியாக வசித்து வருகின்றீர்களா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "வசிக்காம எங்க சார் போறது, பேரனை ஸ்கூல் பஸ்ஸுல ஏத்தறதே நான்தானே" என்றார். அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். அலுவலருக்கு என்ன மொழிபெயர்த்தார் என்று தெரியவில்லை, கேள்விகள் அதோடு முடிந்தன.

எதை வாங்குவது என்பதில் வீட்டில் பெரிய விவாதம். பார்ட் பி மட்டும் எடுத்தால் செலவு குறைவுதான், கூடவே மருந்துக்கு பார்ட் டி-யும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மெடிகேப் எனப்படும் துணைக் காப்பீட்டுக்கும், மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் அட்வான்டேஜ் திட்டத்துக்கும் ஏ, பி இரண்டுமே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால் வருவதுதானே பெரிய செலவு. இருவருக்கும் ஏ, பி சேர்த்து மாதம் 1,535.80 டாலர். வலிக்கத்தான் செய்கிறது. பார்ட் ஏ-க்குக் காசு கட்ட வேண்டிய நிலையில் உள்ளவர் மெடிகேரே எடுக்காமல் மார்க்கெட்பிளேஸிலேயே தொடரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படித் தொடர்ந்தால், பிறகு மனம் மாறி வரும்போது பார்ட் பி அபராதம் காத்திருக்கும். எங்கள் அண்டை வீட்டுக் குடும்பம் கணக்குப் போட்டு மார்க்கெட்பிளேஸே போதும் என்று நிறுத்திக்கொண்டது. அம்மாவுக்கு இன்சுலின், அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட். நாங்கள் இரண்டையும் எடுத்தோம்.

விண்ணப்பம் உள்ளே போன பிறகு எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தார்களோ, போன் அழைப்புகள் ஆரம்பித்தன. ஒரு ஏஜென்ட் நன்றாகத் தமிழே பேசினார். "அம்மா, பிரீமியம் ஸீரோ, பல் ஃப்ரீ, கண்ணாடி ஃப்ரீ, அட்வான்டேஜ் போட்டுடலாம்." நாம் கேட்காமல் இப்படிக் கூப்பிட்டு அட்வான்டேஜ் விற்பதற்கே தடை உண்டு என்பது தனிக் கதை. ஸீரோ என்றாலும் பார்ட் ஏ, பி பிரீமியத்தை நாம் கட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும், அதை அவர் வாயால் சொல்லவில்லை. அதைவிட முக்கியமானது: திட்டத்தின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், பெரும்பாலான அட்வான்டேஜ் திட்டங்களில் பெயரை எடுத்துவிடுவார்கள். வருஷத்தில் பாதியை ஊரில் கழிக்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய குழி! "இந்தியா போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன். பேச்சைப் பல்லுக்குத் திருப்பினார். வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக மாநிலம்தோறும் இருக்கும் ஷிப் ஆலோசனை மையத்தைக் கூப்பிடுங்கள். இலவசம், எதையும் விற்க மாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, பொறுமையின் உருவம். 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை, எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் மறுக்க முடியாது, நோயைக் காரணம் காட்டி விலையும் ஏற்ற முடியாது என்று அவர்தான் அழுத்திச் சொன்னார். அதைத் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். ஸ்டென்ட் வைத்த அப்பாவை யார் சேர்ப்பார்கள்? அந்த ஆறு மாதத்துக்குள் பிளான் ஜி என்ற மெடிகேப் எடுத்துவிட்டோம். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு முதல் 250 டாலரை நாம் கட்டிய பிறகு மிச்சத்தில் 80 சதவீதம் உண்டு, ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்கு மட்டும், வாழ்நாள் உச்சம் 50,000 டாலர். பார்ட் டி-யையும் அதே வேகத்தில் போட்டோம். அம்மாவின் இன்சுலின் இப்போது ஒவ்வொரு வகைக்கும் மாதம் 35 டாலரைத் தாண்டாது.

சிவப்பு, வெள்ளை, நீலக் கோடு போட்ட அட்டைகள் தபாலில் வந்தன. அட்டை கையில் வந்து தொடக்க தேதி தெரியும் வரை மார்க்கெட்பிளேஸ் திட்டத்தை ரத்து செய்யாதீர்கள். அது தானாகவும் நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

முடிந்தது என்று நினைத்தால், முதல் பில்லில் அப்பாவுக்கு மட்டும் பார்ட் பி 304 டாலர் சொச்சம். 50 சதவீத அபராதம் போட்டிருந்தார்கள். 65 வயதிலேயே சேர வேண்டியவர் 71 வரை தூங்கிவிட்டாராம். 65 வயதில் அவர் இந்த நாட்டிலேயே இல்லை! தகுதி வந்த மாதத்தை வைத்துத்தான் சன்னலை எண்ண வேண்டும் என்று விதித் தொகுப்பில் 407.14 சொல்கிறது. அம்மாவுக்கும் தகுதி வந்தபோது 67 வயது, அதே நாள், அதே அலுவலகம், ஆனால் அவருக்கு அபராதம் இல்லை. மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். இதற்கு 60 நாள்தான் கெடு. கிரீன் கார்டு நகல், பார்க்கிங்கில் எழுதிய குறிப்பு, 407.14 அச்சு, அம்மாவின் பில் நகல் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதுவரை பில்லைக் கட்டாமல் நிறுத்தவில்லை, நிறுத்தினால் காப்பீடே போய்விடும். பார்ட் ஏ-க்கும் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு மாதாமாதம் பில் வரும், பி மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஈஸி பே என்று வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் வசதி உண்டு, போட்டுவிடுங்கள்.

போன வாரம் பதில் கடிதம் வந்தது: அபராதம் நீக்கம், அதிகமாகக் கட்டியது அடுத்த பில்லில் கழியும். அப்பா கடிதத்தை வாங்கி, ஒரு வரியும் விடாமல் படித்துவிட்டு, அந்த அண்டை வீட்டுக்காரருக்குக் காட்டக் கிளம்பிவிட்டார்.