சுவிஸ் ரயில்களின் மணிக்கணக்கு

சூரிச் மத்திய ரயில் நிலையத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கடிகாரம்தான். அதன் சிவப்பு நொடிமுள் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னதாகவே சுற்றை முடித்து, உச்சியில் ஒரு கணம் நின்று, நிமிடமுள் நகர்ந்த பிறகே மீண்டும் புறப்படுகிறது. சுவிஸ் ரயில்வே பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிகர் 1944-இல் உருவாக்கிய கடிகாரம் அது. ரயில் புறப்பட அனுமதி தரும் ஊழியர் உயர்த்திக் காட்டும், கைப்பிடியுள்ள வட்டத் தகட்டின் வடிவையே பின்னர் அவர் நொடிமுள்ளுக்குக் கொடுத்தார்.

இந்நாட்டு ரயில்களின் உண்மையான சிறப்பு வேகத்தில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. 1982 முதல் சீரான இடைவெளியில் ஓடும் ரயில்கள், பெரிய சந்திப்புகளுக்கு மணி நிறைவதற்குச் சற்று முன் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்து, பயணிகள் மாறியேறிய சில நிமிடங்களில் கலைந்து செல்கின்றன. இதற்குச் சந்திப்புகளுக்கிடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். 1987-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 'ரயில் 2000' திட்டத்தின்படி புதிய பாதை அமைத்து, 2004-இல் பெர்ன்–சூரிச் பயணத்தை 56 நிமிடமாக்கினார்கள். மிச்சமான நான்கு நிமிடம் நடைமேடை மாறுவதற்கு. பெட்டியோடு ஓடிய எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.